நான் அனுப்பிய முப்பத்தெட்டுப் பக்கங்கள்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையிலிருந்து கூப்பிட்டுப் புது வேலையைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னாய். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வரும் மருத்துவ கிளெய்ம்களைச் சரிபார்க்கும் ஆபீஸ், மூன்றாவது மாடி, ஏசி, பல் மருத்துவம் படித்தவர்கள் மட்டும் உன் வரிசையில் ஆறு பேர். பல்லைப் பிடுங்கப் படித்தவர்கள் எல்லாம் பேப்பரைப் பிடுங்க உட்கார்ந்துவிட்டீர்களா என்று அப்பா பக்கத்திலிருந்து கிண்டல் செய்தார். நீயும் சிரித்தாய். அப்புறம் சொன்னாய்: "ஒரு நாளைக்கு நாப்பது ஃபைல் பாக்கணும்மா. சந்தேகமா இருந்தா குவெரி போட்டுடலாம். எல்லாப் பேப்பரும் அனுப்புங்கன்னு ஒரு வரி அடிச்சு விட்டா போதும், அப்புறம் அது அவங்க தலைவலி." நானும் சிரித்தேன். அது பொய்ச் சிரிப்பு. போனை வைத்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. மீன் குழம்பில் உப்பு அதிகமா என்று அப்பா இரண்டு முறை கேட்டார். இல்லை, எனக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நீ சொன்ன அந்த ஒரு வரி இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு வந்தது. அதற்கு நான் செய்த காரியத்தை உன்னிடம் சொன்னதில்லை, அப்பாவிடமும் சொன்னதில்லை. உன்னிடம் மட்டும் தனியாகச் சொல்லி அழுதுவிட்டு முடித்துக்கொள்ளலாம். ஆனால் என்னைப் போல ஒரு அறையில் உட்கார்ந்து அடுத்தவர் மனக்கஷ்டத்தைக் கேட்பவர்கள் இந்த ஊரிலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் மேஜைக்கும் அந்த வரி வரும். அதனால் எங்களைப் போன்ற மனநல ஆலோசகர்கள் நடத்தும் சின்ன இதழுக்கும் இதைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அம்மா இப்படிச் சந்தி சிரிக்க எழுத வேண்டுமா என்று உனக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

தில்லை நகரில் என் அறை உனக்குத் தெரியும். கீழே மருந்துக் கடை, பக்கத்தில் ஜெராக்ஸ் கடை, மாடியில் நான். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஓர் இரும்பு பீரோ. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நீள நோட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் பழுப்பு அட்டை போட்டு, பேர் எழுதாமல் நம்பர் மட்டும் ஒட்டியிருப்பேன். அட்டை போட்டுக் கொடுத்தது பாதி நாள் நீதான். வந்தவர் சொன்னதை அவர் சொன்ன தமிழிலேயே, வார்த்தை மாற்றாமல் எழுதுவது என் வழக்கம். முக்கியமான இடத்தில் சிவப்பு மையால் கோடு போடுவேன். மற்றவர்கள் இங்கிலீஷில் நாலு வரி கிறுக்கி வைக்கிறார்கள், நான்தான் மனிதரை அப்படியே பிடித்து வைக்கிறேன் என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, கணக்குப் போட வெற்றுத்தாள் வேண்டும் என்று என் மேஜையிலிருந்த நோட்டு ஒன்றைத் திறந்தாய். கடைசிப் பக்கத்தைத்தான் திறந்தாய். நான் ஓடி வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். விரல் பதிந்துவிட்டது. "பேப்பர்தாம்மா கேட்டேன்" என்று நீ சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. அன்றைக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பிலிருந்து வந்த அப்பா உன் முகத்தைப் பார்த்துவிட்டு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. "மாதா கோயில்ல சாமியார்கிட்ட செஞ்ச பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றோமே, அவர் அதை வெளிய சொல்லுவாரா? இந்த நோட்டும் அப்படித்தான்" என்று உங்கள் இருவருக்கும் பிரசங்கம் வேறு செய்தேன். அந்த நோட்டுகளுக்காக உன்னை அடித்த கைதான் இது.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. பேர் எழுத மாட்டேன். அடையாளம் தெரியக்கூடிய இரண்டு மூன்று விஷயங்களை மாற்றியிருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறவர், முப்பது தாண்டியவர், ஒரு குழந்தை என்பது போதும். தூக்கம் இல்லாமல், சமையலறையில் நின்றபடியே அழுதுகொண்டு, காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என்னிடம் வந்தார். மூன்றாவது முறை வந்தபோதுதான் அதைச் சொன்னார். "காலேஜ் ரெண்டாவது வருஷத்துல நாலு மாசம் மாத்திரை சாப்பிட்டேன் மேடம். கல்யாணத்தப்போ யாருக்கும் சொல்லல. எங்கம்மா சொல்ல வேணாம்னுட்டாங்க. உங்ககிட்டதான் மொதமொதலா வாயத் தொறக்குறேன்." நான் அதை அப்படியே எழுதி, அடியில் சிவப்புக் கோடு போட்டேன்.

அப்புறம் நிலைமை மோசமாகி, மனநல மருத்துவர் பார்த்து, ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் சேர்த்துச் சரியாக்கி அனுப்பினார்கள். வீட்டுக்கு ஓர் இன்சூரன்ஸ் பாலிசி இருந்தது, கணவர் பெயரில், குடும்பத்துக்கே சேர்த்து. உடம்பு நோய்க்கும் மனநோய்க்கும் இன்சூரன்ஸில் வித்தியாசம் பார்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்தச் சட்டம் வந்த அன்று நம் வீட்டில் கேசரி கிளறிச் சாப்பிட்டது உனக்கு ஞாபகம் இருக்கலாம். அதை நம்பித்தான் கிளெய்ம் போட்டார்கள். இரண்டு வாரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து எனக்கு அந்தக் கடிதம் வந்தது. நோய் எப்போது ஆரம்பித்தது, என்ன சிகிச்சை, எல்லாச் சிகிச்சைக் குறிப்புகளையும் அனுப்பவும். அதோடு ஒரு நகல், குறிப்புகளைத் தரலாம் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று அவர் போட்ட சம்மதக் கையெழுத்து. உட்காரவே முடியாதவரை உட்கார வைத்து, பத்துத் தாளில் இங்கே இங்கே என்று காட்டி வாங்கிய கையெழுத்து அது. அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும், தம்பி. தெரியாமல் செய்தேன் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். எத்தனை முறை வந்தார், என்ன பிரச்சினை, என்ன சிகிச்சை என்று ஒரு பக்கம் எழுதி, அவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டி, அனுப்பியிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கடிதம் வருவதற்கு முந்தின நாள் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பையன் போன் செய்திருந்தான். உன் வயதுதான் இருக்கும். "வெறும் பேச்சுதானே மேடம்? அதுக்கு எதுக்கு பன்னெண்டு சிட்டிங்?" என்று கேட்டான். இருபது வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், என்னைப் பார்த்து வெறும் பேச்சு என்கிறான். எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று காட்டுகிறேன் பார் என்று பீரோவைத் திறந்து நோட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

முப்பத்தெட்டுப் பக்கம். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி வைத்து எடுத்தார். கண் ஓடத்தானே செய்யும், தமிழில் இருக்கிறதே. பாதியில் நிமிர்ந்து, "மேடம் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சந்தோஷமாக இருந்தது என்பதுதான் உண்மை. கலர் பிரதி எடுங்கள், சிவப்புக் கோடு தெரிய வேண்டும் என்று நானே சொன்னேன். ஒவ்வொரு பக்கத்திலும் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே கூரியரில் அனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. கேட்டால் யோசிப்பார், தள்ளிப்போகும், அதான் சம்மதக் கையெழுத்து இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாள் கனமாகப் போனால் அவருக்கும் கிளெய்ம் சீக்கிரம் கிடைக்கும் என்று ஒரு நல்லெண்ணத்தையும் மேலே தூவிக்கொண்டேன்.

கிளெய்ம் கிடைக்கவில்லை. பழைய நோயை மறைத்துப் பாலிசி எடுத்திருக்கிறீர்கள் என்று நிராகரித்துக் கணவர் பெயருக்குக் கடிதம் போட்டார்கள். சமர்ப்பிக்கப்பட்ட சிகிச்சைக் குறிப்புகளின்படி என்று ஆரம்பித்து, அவர் என்னிடம் சொன்ன அந்த வாக்கியத்தை இங்கிலீஷில் மாற்றி, கல்லூரி, நாலு மாதம், மாத்திரை, கல்யாணத்தில் சொல்லவில்லை என்று அத்தனையும் எழுதியிருந்தார்கள். நான் கோடு போட்டு எடுத்துக் கொடுத்ததால் தேடும் வேலைகூட அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. கணவர் அதைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மாமியார் முன்னால் படித்திருக்கிறார். அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததை முதலில் எட்டு வரி எழுதியிருந்தேன்; இப்போது அவை இங்கே இல்லை.

நாலு நாள் கழித்து அந்தப் பெண் என்னிடம் வந்தார். அப்பாயிண்ட்மென்ட் இல்லாமல் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. "மேடம், நான் இத உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். எப்படிங்க போச்சு?" என்று கேட்டார். என்மேல் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை தம்பி, அதுதான் கொடுமை. என்னிடம் விளக்கம் கேட்டார், கூட இருக்கும் மனுஷியிடம் கேட்பது போல. வாய் தானாகத் திறந்து, "அட்மிஷன் அப்ப ஆஸ்பத்திரிக்கு என் குறிப்பைக் கொஞ்சம் குடுத்திருந்தேம்மா. அங்க இன்சூரன்ஸ் டெஸ்க்குல இருக்கறவங்க பாக்காம மொத்தமா அனுப்பிட்டாங்க போல" என்றது. கொடுக்கவே இல்லை. அவர் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். இன்சூரன்ஸ் டெஸ்கில் ஒரு சின்னப் பெண் இருந்தாள், அரியமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள், அவளுடைய அப்பா அங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். அவளைத்தான் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் அனுப்பல அக்கா, நான் அனுப்பல அக்கா என்று அழுதிருக்கிறாள். நிர்வாகம் விசாரிக்கிறேன் என்று சொல்லி, விசாரிக்காமல், மாசக் கடைசியில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. இதெல்லாம் எனக்கு அடுத்த வாரமே தெரியும். அங்கே வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி சொன்னாள். நான் ஆமாமா, பாவம் என்றேன். ஒரு போன் போதும், நான்தான் அனுப்பினேன் என்று ஒரு வரி போதும். என் பேர், என் போர்டு, என் இருபது வருஷம் என்று அந்த வாரம் முழுவதும் எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக் காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். யாரிடம், எதற்கு, யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்பதோடு சேர்த்து அதையும் ஒன்றாகச் சொல்லிவிட்டேன். சாமியார் கொடுத்த செபங்களைச் சொல்லிவிட்டு லேசாக வீடு திரும்பினேன். கடவுளையே ஏமாற்றிவிட்டு அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். நாலைந்து மாதம் கழித்து சின்னக்கடை வீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் இடத்தில் அந்த இன்சூரன்ஸ் டெஸ்க் பெண்ணைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டு எழுந்தே நின்றுவிட்டாள். "நல்லாருக்கீங்களா மேடம்? நம்ம ஆஸ்பத்திரிக்கு வருவீங்களே" என்றாள். நல்லாருக்கேம்மா என்றேன். எனக்குத் தேவையே இல்லாத இரண்டு ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டு, மீதியைக்கூட எண்ணாமல் வெளியே வந்துவிட்டேன். அந்தத் துணிகளை இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை.

இப்போது நான் இரண்டாக எழுதுகிறேன். யார் கேட்டாலும் கொடுக்கக்கூடியது ஒரு தாள், தேதியும் சிகிச்சையும் மட்டும். வருகிறவர் மனசில் இருப்பது வேறு நோட்டு, அது பீரோவை விட்டு இறங்காது. எந்தக் கடிதம் வந்தாலும் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, போகப் போவதை வாசித்துக் காட்டுகிறேன். ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். பொய் எழுதித் தர மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடுத்தால் கிளெய்ம் போய்விடலாம் என்று தோன்றினால் அதையும் சொல்கிறேன், முடிவு அவருடையது. இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைத்தான் அன்றைக்கு நான் அந்த ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை.

நீ மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய். உன் வேலையை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன், ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாப் பேப்பரும் என்று அடிக்காதே. உனக்கு எது தெரிய வேண்டுமோ அதைக் கேள். எப்போது ஆரம்பித்தது என்று தெரிய வேண்டுமா, அதை மட்டும் கேள். என்னைப் போல ஒருத்தி ரோஷத்தில் முழு நோட்டையும் அனுப்பி வைத்தால், முதல் பக்கத்திலேயே உனக்குத் தெரிந்துவிடும். மூடி, ஒட்டி, திருப்பி அனுப்பு. மேலதிகாரி கேட்டால் படிக்கவில்லை என்று சொல்லக்கூடிய நிலையில் இரு. நாற்பது ஃபைலில் முப்பத்தொன்பது முடித்தால் திட்டுவார்கள், வாங்கிக்கொள். யாருக்கும் போன் செய்து வெறும் பேச்சுதானே என்று கேட்காதே. கேட்டவன்மேல் பழியைப் போட இதைச் சொல்லவில்லை. அவன் கேட்டான், அனுப்பியது நான்தான். ஆனாலும் கேட்காதே.

இதை எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அந்த ஸ்ரீரங்கத்துப் பெண்ணிடம் கேட்காமல் அவர் கதையை மறுபடி அனுப்பப் போகிறேன் என்று. இரண்டு வருஷத்துக்குப் பிறகு போன் செய்தேன். எடுத்தார். ஒரு கடிதம் காட்ட வேண்டும் என்றேன். "வீட்டுக்கு வேணாம் மேடம், ஸ்டேஷனுக்கு வாங்க" என்றார். நேற்று மத்தியானம் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு, இத்தனை பக்கத்தையும் படித்தார். உண்மை அவருக்குத் தெரிந்தது அப்போதுதான். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படித்து முடித்ததும், "அன்னைக்கு நேராவே கேட்டேனே மேடம். ஏன் சொல்லல?" என்றார்.

"பயமா இருந்துச்சும்மா."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அதனாலதானே உங்ககிட்ட வந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் என் பேனாவை வாங்கி, தன் வீட்டைப் பற்றி நான் எழுதியிருந்த எட்டு வரிகளை அடித்தார். இது என்னுது என்றார். மற்றது இருக்கட்டும் என்று தாள்களைச் சேர்த்து என் கையில் கொடுத்தார். நான் எழப் போனபோது கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இத அந்த டெஸ்க் பொண்ணுகிட்ட காட்டிட்டீங்களா?"

இல்லை என்றேன். உண்மையில், காட்ட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை தம்பி. இவ்வளவு எழுதியும் தோன்றவில்லை.

"அவள நான் என்ன பேசுனேன்னு உங்களுக்குத் தெரியாது. அத்தன பேரு முன்னாடி. சோறுதான் திங்கிறியா வேற எதையாவது திங்கிறியான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு என் கால்ல விழுந்துச்சு மேடம். ரெண்டு வருஷமா நான் அவளத்தான் சபிச்சிட்டிருக்கேன்." எனக்கு அதுவரை உறைத்திருந்ததெல்லாம் நான் அவருக்குச் செய்ததும் அந்தப் பெண்ணுக்கு வேலை போனதும் மட்டும். அவரைக்கொண்டு அவளுக்கு அந்தக் கொடுமையைச் செய்ய வைத்ததும் நான்தான் என்பதை அந்த பெஞ்சில்தான் பார்த்தேன்.

"இதுல என் விஷயம் இருக்குதுன்னு யோசிக்காதீங்க. அவ படிக்கட்டும். இதுல வர்றது நான்தான்னு அவளுக்குத் தெரியும், பரவால்ல. நான் சொல்றேன், காட்டுங்க" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்றிரவு அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் காலையில் ஸ்கூட்டரைத் துடைத்து வெளியே நிறுத்தியிருக்கிறார். அந்தத் துணிக்கடையைப் பத்து மணிக்குத் திறப்பார்கள். அந்தப் பெண் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து வரும்வரை வெளியே நின்று, இந்தத் தாள்களை அவள் கையில் கொடுப்பேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய், அனுப்பியது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். அனுப்பலாம் என்று அவள் சொன்னால்தான் இது உனக்கும் இதழுக்கும் வரும். வேண்டாம் என்று சொன்னால், அம்மா உனக்கு ஒரு கடிதம் எழுதினாள் என்பதே உனக்குத் தெரியாமல் போகும்.

அம்மா